கற்பவரின் கோப்பு அச்சுக்கூடம் வரை போகட்டும்: கிராஃபிக் டிசைன் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கிராஃபிக் டிசைன், டிஜிட்டல் தயாரிப்பு ஆகிய துறைகளுக்கான கணினிப் பயிற்சிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கும், அவற்றை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அச்சுக்கு முந்தைய பணியில் இருப்பவன் நான். பிறர் வடிவமைத்து அனுப்பும் கோப்புகளைத் திறந்து, சரிபார்த்து, அச்சுத் தகட்டுக்கோ திரைக்கோ ஏற்றவாறு ஆயத்தப்படுத்துவது என் அன்றாட வேலை. ஆகவே, பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வெளியே வரும் இளைஞர்களின் முதல் கோப்புகள் பல என் கணினிக்குத்தான் வந்து சேர்கின்றன. அவற்றில் கற்பனைக்குக் குறைவில்லை. வண்ணத் தேர்வும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றை வந்தது வந்தபடி அச்சுக்கு அனுப்ப முடிவதில்லை. இதற்கு அந்த இளைஞர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்த பயிற்சி, அவர்கள் சேமித்து அனுப்பும் கோப்பு திரையை விட்டு வெளியேறிய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டுவிட்டது. அதைப் பாடத்திட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் கற்றேன். மெனுவின் முதல் கட்டளையில் தொடங்கிக் கடைசிக் கட்டளை வரை வரிசையாக நடத்தப்பட்ட வகுப்பு அது. எந்த ஃபில்டர் என்ன செய்யும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். வேலைக்குச் சேர்ந்ததும் என் பொறுப்பில் வந்த முதல் பணி ஒரு சிறிய கையேடு. வெள்ளைத் தாளில் 8 பாயிண்ட் அளவில் கறுப்பு எழுத்துகள், இடையிடையே சில படங்கள். அதை முழுவதும் திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் வண்ணம் காட்டும்) முறையில் அமைத்து, கடைசி நேரத்தில் அச்சுக்குரிய சிஎம்ஒய்கே (சியான் என்ற இளநீலம், மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின்) முறைக்கு மாற்றி அனுப்பினேன். திரையில் எழுத்துகள் கன்னங்கரேலென்று கூர்மையாக இருந்தன. அச்சாகி வந்த தாளிலோ ஒவ்வோர் எழுத்தின் ஒரு விளிம்பில் மெல்லிய செம்மையும் மறு விளிம்பில் மெல்லிய நீலமும் படர்ந்திருந்தன. நாலு வரி படிப்பதற்குள் கண் வலித்தது. அச்சு இயந்திரத்தின் அருகே நின்றிருந்த மூத்தவர் ஒருவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தாளை மேசையில் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு 'க'வின் மேல் வைத்து, "பாருங்க தம்பி, இது ஒரு கறுப்பு இல்லை, நாலு மை" என்றார். குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்கு அடியிலிருந்து சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று மைகளின் நுண்புள்ளிகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரையில் கறுப்பு என்பது ஒளி இல்லாத நிலை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சுழியமாக இருந்தால் போதும். அந்தக் கறுப்பை அச்சு வண்ணத்துக்கு மாற்றும்போது மென்பொருள் தன் போக்கில் நான்கு மைகளையும் கலந்துவிடும். பரவலாகப் பயன்பட்டு வந்த ஒரு வண்ண புரொஃபைலின்படி, அதாவது ஒரு திரையோ அச்சு இயந்திரமோ வண்ணத்தைக் காட்டும் விதத்தைக் குறித்துவைத்த கோப்பின்படி, மாற்றினால் அது ஏறத்தாழ சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகும். மொத்தம் 300 விழுக்காடு மை. பெரிய கறுப்புப் பரப்புக்கு அது பொருந்தலாம். மெல்லிய எழுத்துக்கு அது கேடு. நான்கு தகடுகள் தாளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும்போது தாள் சற்றே விரிந்தாலோ நகர்ந்தாலோ ஒரு மயிரிழை விலகல் வந்தே தீரும். எழுத்தின் கோடே மயிரிழை அளவுதான் என்பதால் அந்த விலகல் அப்படியே கண்ணில் தெரியும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடப் பாடம் என் பயிற்சியின் எந்த நாளிலும் வரவில்லை என்பதுதான் இன்று வரை என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இன்று வரும் கோப்புகளிலும் அதே நான்கு மைக் கறுப்பைக் காண்கிறேன்.

படத்தின் நுணுக்கம், அதாவது ரெசல்யூஷன், இதைவிடப் பரவலான குழப்பம். "300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும்" என்ற வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது; அது எதைக் குறிக்கிறது என்பது தெரிந்திருப்பதில்லை. ஒரு சமூக ஊடகப் பக்கத்திலிருந்து 1080 பிக்சல் அகலமுள்ள படத்தை எடுத்து, அளவு மாற்றும் பெட்டியில் 72 என்றிருக்கும் இடத்தில் 300 என்று தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். பெட்டியில் ரீசாம்பிள் தெரிவை நீக்கியிருந்தால் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடுவதில்லை. அதே 1080 பிக்சல்கள் இப்போது 3.6 அங்குல அகலத்துக்குள் நெருங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். அந்தத் தெரிவு இருந்தால், இல்லாத பிக்சல்களை மென்பொருள் அண்டை பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். கோப்பின் எடை கூடும், படத்தின் தெளிவு கூடாது. ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர் அகலத்தை 300 என்ற அடர்த்தியில் நிரப்ப 2480 பிக்சல்கள் வேண்டும். இந்த ஒரு வகுத்தல் கணக்கை மாணவர் தாளில் எழுதிப் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பெட்டியைக் கண்டு தடுமாற மாட்டார். தொலைவிலிருந்து பார்க்கும் பெரிய பதாகைக்கு 300 தேவையில்லை, 100 போன்ற அளவே போதுமானதாக இருக்கலாம் என்பதும் அதே கணக்கிலிருந்து தானே விளங்கிவிடும். ஆனால் நம் தேர்வுகளில் இந்தக் கணக்கு கேட்கப்படுவதில்லை; "இமேஜ் சைஸ் பெட்டியைத் திறக்கும் குறுக்கு விசை எது" என்று கேட்கப்படுகிறது.

குறுக்கு விசைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை பழகாமல் இந்தத் தொழிலில் வேகம் வராது. நான் வருந்துவது, பாடத்தின் பெரும்பகுதியை மென்பொருளின் பதிப்புக்கு ஏற்ப மாறிவிடும் செய்திகள் அடைத்துக்கொள்வதைக் கண்டுதான். 1985இல் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், லேசர் பிரிண்டர், பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி ஆகிய மூன்றும் கைகோத்து மேசைக் கணினிப் பதிப்பைத் தொடங்கிவைத்தன. பேஜ்மேக்கரையே கதியென்று கற்றவர்களின் கையிலிருந்து அது நழுவிப்போயிற்று. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. படம் வரையும் ஃபிரீஹேண்டில் கைதேர்ந்தவர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அசைபடங்களுக்கான ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவை இழந்தது. அந்த மென்பொருள்களுக்குள் இருந்த அறிவோ எங்கும் போகவில்லை. கார் உடலின் வளைவுகளைக் கணித முறையில் வரைய 1960களையொட்டி பிரான்சில் பால் டி காஸ்டெல்ஜோ, பியர் பெசியே இருவரும் தனித்தனியே உருவாக்கிய வளைகோடுதான் இன்றும் எழுத்துருவிலும் லோகோவிலும் கோடு வரையும் கருவியான பென் டூலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1994இல் போட்டோஷாப்பின் 3ஆம் பதிப்பில் வந்த லேயர்கள் (படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளில் வைக்கும் வசதி) இன்று ஏறக்குறைய எல்லாப் பட மென்பொருள்களிலும் இருக்கின்றன. பதினெட்டு வயதில் கற்றவர் நாற்பது வயதிலும் பயன்படுத்தப்போவது இத்தகைய அறிவைத்தான்.

பென் டூலைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் ஒரு இலையின் படத்தைக் கொடுத்து, அதன் மேல் கோடு வரையச் சொன்னேன். பொறுமையானவர், அரை மணி நேரம் உட்கார்ந்து, விளிம்பை ஒட்டி, கோட்டைத் தாங்கும் புள்ளிகளான கணுக்கள் 43ஐப் பதித்திருந்தார். தொலைவிலிருந்து பார்க்க இலை சரியாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது விளிம்பெங்கும் முழங்கை முழங்கையாக மடிந்திருந்தது. "எத்தனை கணு வைக்கணும்னு யாரும் சொல்லித் தரலை சார்" என்றார். நான் ஒரு வட்டத்தை வரைந்து காட்டினேன். அதில் 4 கணுக்கள்தான் இருந்தன: மேலே, கீழே, இடம், வலம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் நீண்டு, வளைவின் திசையையும் அளவையும் தீர்மானிக்கும் கைப்பிடி, வட்டத்தின் ஆரத்தில் ஏறத்தாழ 0.55 பங்கு. அந்த 4 கணுக்கள் தரும் வட்டத்துக்கும் உண்மையான வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணால் காண முடியாத அளவு சிறியது. கோடு எங்கே திசை திரும்புகிறதோ அங்கே மட்டும் கணு வை, நடுவில் உள்ளதைக் கைப்பிடி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். மறுபடி வரைந்தார். இம்முறை 7 கணுக்கள். நுனியிலும் காம்பிலும் கூர்மையான கணு, இருபுறமும் வழவழப்பான வளைவு. அவர் முகத்தில் அப்போது வந்த வியப்பை நான் மறக்கவில்லை. ஆறு மாதம் பென் டூலைப் பயன்படுத்தியும் கைப்பிடி எதற்கு இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தமிழில் கற்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் இன்னொரு கடமையும் சேர்கிறது. பாடப் பயிற்சிகளில் பெரும்பாலும் ஆங்கில வாசகங்களையே நிரப்பிப் பழகுகிறார்கள்; வேலையில் சேர்ந்த முதல் வாரமே தமிழ் வாசகம் கைக்கு வருகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்களைத் தரும் ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ' என்ற எழுத்து, 'க'வும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைத்து, நாம் படிக்கும் வடிவத்தில் அடுக்கித் தருவது மென்பொருளின் எழுத்தமைப்பு எந்திரத்தின் வேலை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்புக்கான கம்போசர் என்ற தெரிவை வேர்ல்டு ரெடி என்பதற்கு மாற்றாவிட்டால் அந்த அடுக்கல் நிகழாது. கொம்பு இடம் மாறி, புள்ளி தள்ளி நின்று, சொல் சிதைந்து கிடக்கும். இதை அறியாத மாணவர், "ஒருங்குறி சரிவராது" என்று முடிவுகட்டிக்கொண்டு, பழைய குறியாக்க எழுத்துருவுக்குத் திரும்பிவிடுகிறார். அந்தப் பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்த ஓர் ஏற்பாடு. அது அந்தக் கணினியில் இருக்கும் வரை எல்லாம் தமிழாகத் தெரியும். கோப்பு என்னிடம் வந்ததும் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக்கிடக்கும். அதைத் தேட முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படித்துக்காட்டாது, வலைப்பக்கத்துக்கு அப்படியே எடுத்துச்செல்லவும் முடியாது. தமிழ், ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, இடம்பெற்றுவிட்ட மொழி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வகுப்பறைகள் அதற்கு முந்தைய வழக்கத்தை இளைஞர்களின் கையில் கொடுத்து அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன்.

தட்டச்சும் இதோடு சேர்ந்ததே. 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன; ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்தின் மேல் புள்ளி தானே விழுந்து 'க்க' என்றாகிவிடும். நாளுக்கு அரை மணி நேரம் என்று சில வாரங்கள் பழகினால் கை பிடித்துக்கொள்ளும் முறை அது. வடிவமைப்பாளருக்குத் தட்டச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடைசி நேரத்தில் ஒரு தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டி வந்து, தட்டச்சு தெரியாமல் வேறு இடத்திலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டும் ஒருவரை அருகில் அமர்ந்து பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

தமிழ் எழுத்தின் தோற்றம் குறித்த நுணுக்கங்களும் பாடத்தில் இல்லை. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால், மேல்வரியின் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் 'கீ', 'வி' போன்றவற்றின் மேல்விசிறியும் ஒன்றோடொன்று உரசும். எழுத்திடை வெளியை அழகுக்காகக் கூட்டினால் கொம்பும் காலும் தம் மெய்யை விட்டு விலகிப்போகக்கூடும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை மென்பொருளே போலியாகத் தடிக்கச்செய்தால் 'ஐ', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியை இருபுறமும் சமன்செய்யும்போது சொற்களுக்கிடையே பெரும் ஓட்டைகள் விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் சீராக வைப்பதே படிக்க இதமானது. இவையெல்லாம் எந்த மென்பொருள் கையேட்டிலும் கிடைக்காதவை. ஆசிரியர் தம் வாயால் சொன்னால்தான் மாணவருக்குப் போய்ச் சேரும்.

எழுத்தின் அளவையும் வண்ணத்தையும் ஒரே பெயரில் தொகுத்து வைக்கும் பத்தி ஸ்டைல் என்ற ஒன்றை மட்டும் முறையாகக் கற்றுக்கொடுத்தாலே என் போன்றோரின் வேலையில் பாதி குறையும் என்று தயங்காமல் சொல்வேன். 200 பக்க நூலில் ஒவ்வொரு தலைப்பையும் கையால் தேர்ந்தெடுத்து, அளவு மாற்றி, வண்ணம் கொடுத்து அமைத்திருப்பார்கள். தலைப்பின் அளவை 18இலிருந்து 16 ஆக்க வேண்டுமென்றால் 200 பக்கத்தையும் மறுபடி புரட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு தலைப்புகள் விடுபட்டுப்போகும். ஸ்டைலில் அமைத்திருந்தால் ஓரிடத்தில் ஓர் எண்ணை மாற்றுவதோடு முடிந்தது. உள்ளடக்கத்தை ஒருபுறமும் தோற்றத்தை மறுபுறமும் பிரித்து வைக்கும் இந்தச் சிந்தனைதான் வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் முறையிலும் இருக்கிறது. நூல் அமைப்பில் அதைப் புரிந்துகொண்டவர் வலை வடிவமைப்புக்குப் போகும்போது பாதி வழி ஏற்கெனவே நடந்துவிட்டவராக இருப்பார்.

திரைக்கான தயாரிப்பைப் பற்றி நான் அச்சளவுக்கு நீட்டிச் சொல்லப்போவதில்லை. என் அனுபவம் அதில் குறைவு. எனினும் சில செய்திகள் எந்தப் பாடத்திட்டத்திலும் விடுபடக் கூடாது. லோகோவை ஜேபெக் கோப்பாகக் கொடுத்துவிட்டு, அதையே திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிப்பவர்களுக்கு, ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து விவரங்களைக் கழித்தே சுருக்குகிறது என்பதும், அவ்வாறு ஒருமுறை கழிந்தது திரும்ப வராது என்பதும் தெரிய வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டுமென்று வலை அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்து அதை நேர்த்தி என்று கருதும் மாணவருக்கு இந்த எண்ணைக் காட்டி அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நொடிக்கு 25 சட்டகம், 30 சட்டகம் என்று வெவ்வேறு வேகத்தில் எடுத்த காட்சிகளை ஒரே காலக்கோட்டில் கலந்தால் அசைவு ஏன் துள்ளுகிறது என்பதையும் ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டும்.

வண்ணத்தில் மட்டும் திரையும் அச்சும் ஒன்றையொன்று விடுவதில்லை. திரையில் சுடர்விடும் நீலத்தையும் பளிச்சிடும் பச்சையையும் நான்கு மைகளால் உண்டாக்கவே முடியாது. அந்த நீலம் தாளில் ஊதாச் சாயலோடு மங்கிப்போய் வரும். வாடிக்கையாளர் திரையில் பார்த்து ஒப்புதல் தந்த வண்ணம் தாளில் வராதபோது பழி வடிவமைப்பாளர் மேல்தான் விழுகிறது. வண்ண புரொஃபைல் என்றால் என்ன, திரையிலேயே அச்சின் தோற்றத்தை முன்கூட்டிக் காட்டும் சாஃப்ட் புரூஃப் வசதி எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே காட்டிவிட்டால், அந்த ஏமாற்றத்தை வடிவமைப்பாளர் வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லித் தவிர்த்துவிடலாம்.

மென்பொருளுக்கான செலவைப் பற்றியும் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். 2013இல் இத்துறையின் முதன்மை மென்பொருள்கள் சந்தா முறைக்கு மாறின. அதன் பிறகு, பயிற்சி முடிந்த நாளே கருவி கையை விட்டுப் போய்விடும் மாணவர்கள் ஏராளம். வகுப்பில் கற்றதை வீட்டில் பழக வழியில்லாமல், உரிமமற்ற படியை நாடுகிறார்கள். அதோடு தீநிரல்களும் வந்து சேர்கின்றன. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிரிட்டா, பிளெண்டர் ஆகியவை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியவை. அவற்றுக்கும் வரம்புகள் உண்டு. இங்க்ஸ்கேப்பின் அடிப்படை ஆர்ஜிபி வண்ணம் என்பதால் அச்சுக்கான வண்ணப் பிரிப்புக்கு ஸ்கிரைபஸ் போன்ற வேறொன்றின் துணை வேண்டும். இருந்தாலும் வளைகோடு, லேயர், படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் மாஸ்க், ஸ்டைல், வண்ணம் ஆகிய அடிப்படைகள் அனைத்தையும் அவற்றில் கற்கலாம். ஒரே பயிற்சியை இரு மென்பொருள்களில் செய்துபார்க்கும் மாணவருக்கு, எது கருத்து, எது பொத்தான் என்பது தானாகவே பிரிந்து தெரிந்துவிடும். இந்தப் பயன், செலவு மிச்சமாவதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

சொற்களைத் தட்டினால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டபின் இத்தனை அடிப்படை எதற்கு என்று ஆசிரியர்கள் சிலரே என்னிடம் கேட்டதுண்டு. அக்கருவிகள் தரும் படங்களும் என் மேசைக்கு வருகின்றன. பிக்சல் எண்ணிக்கை போதவில்லை, லேயர் இல்லை, வண்ணம் ஆர்ஜிபியில் இருக்கிறது, படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்து பல நேரங்களில் எந்த எழுத்தும் இல்லை. அவற்றை அச்சுக்கு ஏற்றதாக்க, நான் மேலே சொன்ன அத்தனை அறிவும் தேவைப்படுகிறது. கருவி எதுவானாலும் கடைசியில் ஒரு கோப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும்.

ஆகவே தேர்வு முறையை மாற்றும்படி தங்களை வேண்டுகிறேன், ஏனெனில் தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பு நடத்தும். இப்போது மாணவர் தம் கணினித் திரையில் ஒரு வடிவமைப்பைக் காட்டுகிறார், தேர்வாளர் பின்னால் நின்று பார்த்து மதிப்பெண் இடுகிறார். அதற்கு மாறாக, மாணவர் தம் கோப்பை எழுத்துரு, இணைப்புப் படங்கள் அனைத்தோடும் தொகுத்து, அச்சுக்கான பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து ஒப்படைக்கட்டும். பிடிஎஃப்/எக்ஸ் என்ற அச்சுப் பரிமாற்ற வரையறைகள் 2001 முதல் பன்னாட்டுத் தரமாக இருந்துவருகின்றன. அவற்றில் எக்ஸ்-1ஏ வகை ஆர்ஜிபி வண்ணத்தை ஏற்காது, எக்ஸ்-4 ஏற்கும் என்ற வேறுபாட்டை மாணவர் அறிந்து தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தொகுப்பை வேறொரு மாணவர், வேறொரு கணினியில் திறக்க வேண்டும். எழுத்துரு காணவில்லை என்ற எச்சரிக்கை வந்தாலோ, படத்தின் இணைப்பு அறுந்திருந்தாலோ, "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கடைசி" என்று மூன்று கோப்புகள் இருந்து எது உண்மையானது என்று தெரியாமல் போனாலோ மதிப்பெண் குறையட்டும். பிறகு அதை ஒரு சாதாரண பிரிண்டரிலாவது அச்சிட்டு, வெட்டுக்குறி வழியே மாணவரே கத்தியால் வெட்டட்டும். விளிம்புக்கு அப்பால் 3 மில்லிமீட்டர் வண்ணத்தை நீட்டி வைக்காதவர், கத்தி அரை மில்லிமீட்டர் விலகியதும் ஓரத்தில் தோன்றும் வெள்ளைக் கோட்டைத் தம் கண்ணாலேயே காண்பார். அதன் பிறகு பிளீடு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இன்னொரு தேர்வையும் பரிந்துரைக்கிறேன். பிழைகளை வேண்டுமென்றே புதைத்து வைத்த ஒரு கோப்பை மாணவரிடம் கொடுங்கள். நான்கு மைக் கறுப்பில் சிற்றெழுத்து, இழுத்துப் பெரிதாக்கிய சிறுபடம், பிளீடு இல்லாத பக்கம், எல்லாத் தகட்டிலும் விழும் ரெஜிஸ்ட்ரேஷன் வண்ணத்தில் ஒரு கட்டம், சிதைந்த கொம்பு, ஸ்டைல் இல்லாத தலைப்பு, வெள்ளைப் பொருளுக்குத் தவறி இடப்பட்ட ஓவர்பிரிண்ட் (கீழுள்ள வண்ணத்தை நீக்காமல் அதன் மேலேயே அச்சிடும் தெரிவு) என்று அதில் ஒரு பன்னிரண்டு பிழைகள் இருக்கட்டும். கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். புதிதாக ஒன்றை வடிவமைப்பதைவிட இது எளிது என்று முதலில் தோன்றும். எங்களிடம் வரும் புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதல் நாள் பயிற்சியாகக் கொடுக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் அவர்கள் கேட்கும் கேள்விகள், அதற்கு முன் கேட்டவற்றைவிட எவ்வளவோ கூர்மையாக இருக்கின்றன.

அத்தகைய பயிற்சிக் கோப்புகள் சிலவற்றை, ஒவ்வொரு பிழையும் அச்சில் எப்படி வரும் என்பதைக் காட்டும் மாதிரித் தாள்களோடு, தமிழ் வாசகங்களிலேயே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். வகுப்பில் பயன்படுத்த விரும்பும் எந்த ஆசிரியருக்கும் அவற்றைத் தருகிறேன். அழைத்தால் நானே வந்து அந்த ஒரு மணி நேரத்தை நடத்தவும் செய்கிறேன். பாடத்திட்டத்தை அடுத்த முறை திருத்த அமரும்போது, ஒப்படைக்கும் கோப்புக்கென்று ஒரு தேர்வுத் தாளை, அதற்குரிய மதிப்பெண்ணோடு, அதில் சேர்க்க வேண்டுமென்று தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவர்களின் முதல் கோப்புகளைத் திறந்து பார்க்கும்
அச்சு ஆயத்தப் பணியாளர் ஒருவர்